பாதய்யாவின் பழுப்புத் தண்ணீர்

அந்தக் கூடத்துக்குப் போக யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். வாசலில் தொடங்கி, பஞ்சர் கடையைத் தாண்டி, தெருமுனைக் குழாய் வரைக்கும் செருப்புகள் கிடக்கும். வார் அறுந்த ரப்பர் செருப்பும் பாலிஷ் போட்ட ஷூவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். ஏமாறுவதில் ஏழை பணக்காரன் வித்தியாசம் கிடையாது என்பதை அந்தக் குவியலைப் போல வேறு எதுவும் சொல்லாது.

வாசலில் ஒரு பலகை: 'செருப்பையும் சந்தேகத்தையும் இங்கே கழற்றவும்.' செருப்புக்குக் காவலாள் உண்டு. சந்தேகத்துக்குக் கிடையாது. அதை யார் திருடப் போகிறார்கள்?

முன்பு அந்தக் கூடத்தில் பீரோவும் கட்டிலும் விற்றார்கள். இப்போது ஆரோக்கியம் விற்கிறார்கள். நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசின். அதில் இளஞ்சூடான தண்ணீர், ஒரு பிடி உப்பு. நடுவில் ஒரு கம்பிச்சுருள். அதிலிருந்து ஒரு சின்னப் பெட்டிக்கு வயர் போகும். காலை உள்ளே வைத்ததும் மடியோடு பேசினை மூடி ஒரு கறுப்புத் துணியைப் போர்த்துவார்கள். வெளிச்சம் பட்டால் கிருமி வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுமாம். பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். பாட்டெல்லாம் ஓய்ந்ததும் துணியை இழுத்தால், ஐயோ! தெளிந்த தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகிக் கிடக்கும். மேலே நுரை. அடியில் கறுப்புத் திட்டுகள்.

"உடம்புல இருக்கிற அத்தனை விஷத்துக்கும் ஒரே வாசல்தான். உள்ளங்கால்!" என்று மைக்கில் முழங்குவார் பாதய்யா. மூக்கையும் வாயையும் மற்ற வாசல்களையும் மெனக்கெட்டுப் படைத்த கடவுளுக்கு இந்த விவரம் தெரியாமல் போய்விட்டது.

பாதய்யாவின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, வெள்ளைச் சிரிப்பு. பேசினை எட்டிப் பார்த்து நோயைப் படிப்பார். பழுப்பு என்றால் ஈரல். நுரை என்றால் நுரையீரல். கறுப்புத் திட்டு என்றால் செத்த புழு. பிறகு குனிந்து, நோயாளியின் காலைத் துண்டில் சுற்றி எடுத்து, தன் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார். கூடமே கண்ணைத் துடைக்கும். சேவை முழுக்க இலவசம். உப்புக்கு மட்டும் காசு. கடை உப்பு ஆகாது, அது வெறும் சமையல் உப்பு. இவர் விற்பது 'உயிருப்பு'. இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

உயிருப்புப் பொட்டலத்தைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறவர்களில் ஒருத்தி தையல்காரி. துணியை மடித்துக் கண்ணாலேயே அளவு சொல்லிவிடுகிற கெட்டிக்காரி. அப்படிப்பட்டவள் ஏன் அங்கே போய் உட்கார்ந்தாள்? தம்பிக்காகத்தான்.

தம்பி பெயிண்டர். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுகிறவன். எங்கேயோ வெளியூரில், ஈரச் சுவருக்கும் மண்தரைக்கும் நடுவில் படுத்து வேலை பார்த்துவிட்டு வந்தவனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. உடம்பு குச்சியாகி, வயிறு மட்டும் இடதுபக்கம் புடைத்தது. ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துக் கருங்காய்ச்சல் என்றார்கள். மணல் ஈ கடித்து வருகிற ஒட்டுண்ணி நோய். ரத்தத்தையும் சோதித்தார்கள். அதில் எச்.ஐ.வி. இருந்தது.

"ரெண்டும் கூட்டாளிங்கம்மா," என்று அக்காவை உட்காரவைத்து நர்ஸ் சொன்னாள். "ஒன்னு உடம்போட வாட்ச்மேனை அடிச்சுப் போடும், இன்னொன்னு உள்ள பூந்து சூறையாடும். சூறையாடச் சூறையாட, முதல் ஆளுக்கும் கொண்டாட்டம். அதனால ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும். கருங்காய்ச்சலுக்கு இங்கேயே தங்கி ஊசி. எச்.ஐ.வி.க்கு மாத்திரை தினமும், ஆயுசுக்கும். இன்னொன்னு சொல்றேன், மறந்துடாதீங்க. இந்தக் கூட்டணி இருக்கிறவங்களுக்குக் கருங்காய்ச்சல் திரும்பி வரலாம். வந்தா பயப்படாம ஓடி வந்துடுங்க. மறுபடியும் மருந்து இருக்கு."

ஊசி போட்டார்கள். வயிறு வற்றியது. தம்பி எழுந்து உட்கார்ந்து பாட்டுப் பாடினான். வீட்டுக்கு வந்து மாத்திரை சாப்பிட்டான். கொஞ்ச காலம் போனதும் காய்ச்சல் திரும்பி வந்தது. நர்ஸ் சொன்ன மாதிரியேதான் வந்தது. ஆனால் அக்காவின் காதில் அன்று விழுந்ததெல்லாம் 'ஊசி' என்ற ஒரு வார்த்தைதான் போலிருக்கிறது. மருந்து தோற்றுவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள்.

தம்பி ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகமாட்டேன் என்றதற்குக் காரணம் வேறு. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த ஆள் மாத்திரை டப்பாவைக் கையால் தரமாட்டார். ஒரு ஸ்கேலால் தள்ளிவிடுவார். அந்த மரஸ்கேல் தம்பியின் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அக்கா அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தாள். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்தான். அக்கா தலையாட்டிவிட்டு வந்து தட்டைத் தனியே கவிழ்த்தாள்.

பாதய்யாவோ அவன் காலைத் தொட்டார். கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். தம்பி அங்கேயே குழந்தை மாதிரி அழுதுவிட்டான். தூண்டிலில் எதை மாட்ட வேண்டும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாம் கொடுக்கத் தவறிய அன்பைத்தான் அவர் மாட்டினார்.

"ரெண்டு நோயும் ஒரே புழுவோட தலையும் வாலும்," என்றார் பாதய்யா. "புழு வெளிய வந்துக்கிட்டு இருக்கு. மாத்திரை அந்தப் புழுவுக்குத் தீனி. நிறுத்திடு."

கருங்காய்ச்சல் கிருமி புழுவே இல்லை. மைக்ராஸ்கோப் வைத்தால்தான் கண்ணுக்கே தெரியும். பாதய்யாவுக்கு அதெல்லாம் எதற்கு? தம்பி மாத்திரையை நிறுத்தினான். வயிறு மறுபடி புடைத்தது. "புழு கிளம்பறதுக்கு மூட்டை கட்டுது," என்றார் பாதய்யா. காய்ச்சல் கொதித்தது. "புழு வேகுது," என்றார். மெலிந்தால் விஷம் கரைகிறது. மயங்கினால் உடம்பு ஓய்வெடுக்கிறது. செத்துப்போனால் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்திருப்பார்.

தையல்காரியின் புருஷனைத் தெருவில் கண்டக்டர் என்பார்கள். பஸ் சக்கரத்தில் வலதுகால் போனபிறகு டிப்போவில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். பேன்ட் போட்டு நடந்தால் செருப்பு கடிக்கிறது போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். கடவுளைக் கும்பிடாமல் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார். ஆனால் சில்லறையைச் சுண்டிப் பார்க்காமல் வாங்கவும் மாட்டார்.

"மாப்ளே, என்னைப் பாரு," என்றார் ஒரு நாள் தம்பியிடம். "உன் கண்ணு குழிக்குள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூட வரேன்."

"மாமா, அங்க என்னை யாரு தொடறாங்க? இங்க அந்தப் பெரிய மனுஷன் என் காலைத் தொடறாரு."

கண்டக்டர் அடுப்பங்கரையில் தனியாகக் கவிழ்ந்து கிடந்த தட்டைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"சரிம்மா," என்றார் கண்டக்டர். "நானும் வரேன் உங்க பாதய்யாகிட்ட."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "நிசமாவா? கேலி பண்ணக் கூடாது. அங்க வந்து வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

"வாயைத் திறக்கவே மாட்டேன். கால் மட்டும்தானே வேணும் அவருக்கு?"

மறுநாள் முற்பகல் மூன்றுபேரும் போனார்கள். தம்பியைக் கைத்தாங்கலாக முன்வரிசையில் உட்காரவைத்து, அக்கா ஓடிப்போய், மைக் பிடித்துக் கூட்டத்தை நடத்தும் மைக்காரம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். "என் வீட்டுக்காரர். இத்தனை நாள் நம்பாதவர். இன்னைக்குத் தானா வந்திருக்கார்."

நம்பாதவன் வந்து விழுவதைவிட நல்ல விளம்பரம் உண்டா? கண்டக்டரை மேடையிலேயே ஏற்றி உட்காரவைத்தார்கள்.

"ரெண்டு காலையும் வைங்க," என்றாள் மைக்காரம்மா.

"இடதுகால்ல ஆணி குத்திப் புண்ணும்மா, பாருங்க கட்டு. வலதுகாலை மட்டும் வைக்கட்டுமா?"

"ஒரு கால் போதும்," என்றார் பாதய்யா பெருந்தன்மையாக. "வாசல் ஒன்னு திறந்தா போதாதா?"

கண்டக்டர் பேன்ட்டைக் கணுக்கால்வரை சுருட்டி, தோல்நிறக் காலுறை போட்ட வலது பாதத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். கறுப்புத் துணி மூடியது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி மனுஷா! எழுந்து சொல்லிவிடலாமா? சொன்னால் மானம் போகும். பிறகு வேறொரு நினைப்பு வந்து அவளைச் சமாதானப்படுத்தியது. நல்லதுதான்! ரப்பர் காலில் என்ன விஷம் இருக்கும்? தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பாதய்யா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். ஊர் சிரிக்கும். இந்த மனுஷனுக்கு நல்ல பாடம். அவள் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாள்: "கடவுளே, தண்ணி தெளிவா இருக்கட்டும். என் தம்பி பிழைக்கணும்னா தண்ணி தெளிவா இருக்கட்டும்."

பாட்டு முடிந்தது. துணியை இழுத்தார்கள்.

தண்ணீர் பழுப்பு. நல்ல கெட்டிப் பழுப்பு. மேலே நுரை, அடியில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. தம்பியின் பேசினில் வருகிற அதே நிறம். மாற்றுக் குறைவில்லை.

அக்காவின் கையிலிருந்து உயிருப்புப் பொட்டலம் நழுவி விழுந்தது.

"அப்பப்பா!" என்றார் பாதய்யா மைக்கில். "நான் பார்த்ததிலேயே இதுதான் மோசமான கால். ஏன்யா, இந்தக் கால் எவ்வளவு காலமா வலிக்குது?"

"வருஷக்கணக்கா இதுல வலியே கிடையாதுங்கய்யா."

"கேட்டீங்களா! வலி தெரியாத அளவுக்குப் புழு நரம்பைத் தின்னிருக்கு!"

"கிள்ளினாக்கூடத் தெரியாதுங்க. இதுல சொட்டு ரத்தம் ஓடறதில்லை."

"ரத்தத்தையும் உறிஞ்சிடுச்சு! இனிமே பாருங்க, நாலு தடவை வந்தா இந்தக் கால்ல ரத்தம் பாயும்."

"அப்படிப் பாஞ்சா டிப்போல மாலை போடுவாங்கய்யா," என்றார் கண்டக்டர் பணிவாக.

கூடம் கைதட்டியது. பாதய்யா தன் புகழ்பெற்ற கட்டத்துக்கு வந்தார். குனிந்தார். துண்டைப் பாதத்தில் சுற்றினார். கண்டக்டர் பேன்ட்டுக்கு மேலாகவே, செயற்கைக்காலைப் பூட்டியிருந்த பித்தானை அமுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். பாதய்யா கண்ணை மூடி, அன்பு பொங்க, காலைத் தன் கன்னத்துக்கு உயர்த்தினார். கால் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கணுக்கால் வந்தது, கம்பி வந்தது, முழங்காலைத் தாங்கும் கிண்ணம் வந்தது. பேன்ட் காற்றிறங்கித் தொங்கியது. ஒரு முழுக் காலைக் கன்னத்தில் அணைத்துக்கொண்டு பாதய்யா நின்றார்.

எங்கேயோ ஒரு குழந்தை மட்டும் சிரித்தது.

"பத்திரம்ங்கய்யா," என்றார் கண்டக்டர். "அதுல இன்னும் புழு இருக்கப் போகுது."

இத்தோடு கூடம் கலைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பக்தகோடிகளை அவ்வளவு லேசாக எடைபோடக் கூடாது. முன்வரிசையிலிருந்து ஒரு பேங்க் அதிகாரி எழுந்தார். குரல் தழுதழுத்தது. "என்ன சக்தி பாருங்க! உயிரில்லாத கால்லேர்ந்தே புழுவை எடுத்துட்டாரே!"

"ஆமா, ஆமா!" என்று நாலாபக்கமும் தலைகள் ஆடின. பாதய்யாவுக்கு உயிர் வந்தது. காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு, "சோதிக்க வந்தவங்களுக்கும் அருள் உண்டு," என்றார்.

அப்போது எழுந்து வந்தது கண்டக்டர் அல்ல. அவரால் எழ முடியாது. கால் பாதய்யாவின் காலடியில் கிடந்தது. மேடை ஏறி வந்தவள் அக்கா. முகம் வெளுத்திருந்தது. ஓரத்திலிருந்த ஒரு காலிப் பேசினை இழுத்தாள். கேனிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். தரையிலிருந்து எடுத்து வந்த தன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி உப்பைப் போட்டாள். கம்பிச்சுருளை இறக்கிச் சுவிட்சைத் தட்டினாள்.

"என்னம்மா பண்றே? அதைத் தொடாதே!" என்றார் பாதய்யா. முதல் தடவையாக அந்தக் குரலில் தேன் இல்லை.

"இதுல யாரும் காலை வைக்க வேணாம்யா," என்றாள் அக்கா. "என் காலும் வேணாம், அவர் காலும் வேணாம். சும்மா தண்ணி. ஓடட்டும்."

"மிஷின் கெட்டுப்போயிடும்! கரண்டை நிறுத்துங்க!"

"ஏங்க நிறுத்தணும்?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு செல்போன் கடைக்காரர் கேட்டார். "ஓடட்டும். பார்ப்போம்."

துணி மூடவில்லை. பாட்டும் இல்லை. கூடம் முழுக்க ஒரு வெறும் பேசினையே பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தது. அந்தக் கூடத்தில் நடந்த முதல் உண்மையான தியானம் அதுதான்.

முதலில் கம்பியைச் சுற்றிக் குமிழ்கள் வந்தன. பிறகு மஞ்சளாக ஒரு புகைபோல. பிறகு பழுப்பு. நுரை மிதந்தது. கறுப்புத் திட்டுகள் ஒவ்வொன்றாக அடியில் படிந்தன. ஈரல் இல்லாத தண்ணீரில் ஈரல் நோய். நுரையீரல் இல்லாத தண்ணீரில் நுரையீரல் நோய். அக்கா சுவிட்சை நிறுத்தினாள். வயரைப் பிடித்துக் கம்பிச்சுருளை வெளியே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள். அரித்துப்போய், செதில் செதிலாக உரிந்து, பழைய ஜன்னல் கம்பி மாதிரி இருந்தது.

"துரு," என்றாள். "துருவைக் காட்டி என் தம்பி மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்களேய்யா."

பாதய்யா ஏதோ சொல்ல மைக்கை எடுத்தார். மைக்காரம்மா அதற்குள் உப்புப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்திருந்தாள். சற்று நேரத்தில் வெள்ளைச் சட்டையும் அந்தப் பக்கம் காணாமல் போனது. அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டார். அது குவியலில் எங்கேயோ அடியில் கிடந்தது. கூட்டத்தில் பாதிபேர் இன்னும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள், எதற்கென்று தெரியாமல்.

கண்டக்டர் காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். பழைய பழக்கம், வாயில் வந்துவிட்டது.

"கடைசி ஸ்டாப்பு. இறங்கறவங்க எல்லாம் இறங்குங்க. வண்டி இதுக்குமேல போகாது."

தம்பி நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. "மாமா," என்றான், "உங்க கால்லேர்ந்து வந்த புழுவுக்கு ஊசி போட வேணாமா?"

"அது என் சொந்தப் புழு, நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பு மாப்ளே. உனக்கு இருக்கிறது நிசமான கிருமி."

அவன் எழவில்லை. "அந்தாள் பொய்யாவே இருக்கட்டும் மாமா. ஆனா தொட்டாரு."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். வந்ததும் அவனுக்கும் ஒரு பேசின் வைத்திருந்தார்கள். விரலிடுக்கெல்லாம் பழுப்பு படிந்திருந்தது. தன் சேலை முந்தானையால் அவன் இரண்டு பாதங்களையும் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். கன்னத்தில் ஒற்றிக்கொள்ளவில்லை, அந்த வித்தை அவளுக்குத் தெரியாது. "நகம் வெட்டி எவ்வளவு நாளாச்சு, கழுதை," என்று மட்டும் திட்டினாள். "எழுந்திரு. என் தட்டுலயே சாப்பிடலாம் இனிமே."

அவன் எழுந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனைப் பார்த்ததும் முகம் மாறினாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாள் என்று மூவரும் தலைகுனிந்து நின்றார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வந்துட்டீங்க இல்ல, அது போதும். உட்காருப்பா," என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த ஒரு வாக்கியத்தில் கடவுள் இருந்தார் என்று நான் நம்புகிறேன். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

மறுபடி படுக்கை. மறுபடி ஊசிகள். நாட்கள் போயின. காய்ச்சல் இறங்கியது. புடைத்த வயிறு மெல்ல மெல்ல உள்வாங்கியது. டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் பழையபடி சொன்னாள். "இன்னொரு தடவையும் வரலாம்மா."

"வந்தா நாங்களும் வருவோம்," என்றாள் அக்கா. இந்தத் தடவை எல்லா வார்த்தையும் காதில் விழுந்திருந்தது.

மருந்து ஜன்னலில் அதே ஆள். அதே மரஸ்கேல். டப்பா தள்ளப்பட்டு வந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. உள்ளங்கையை விரித்து ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"கையில குடுங்கண்ணே."

அவர் ஸ்கேலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. கடைசியில் டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்து நின்றவரும் கையை நீட்டினார்.

இது நல்லபடியாக முடிந்தது. ஆனால் போன வாரம் டிப்போவில் ஒருவர் கண்டக்டரிடம் ரகசியமாகச் சொன்னாராம்: அடுத்த ஊரில் ஒரு மகான் வந்திருக்கிறார், உள்ளங்கையிலிருந்து விஷம் எடுக்கிறாராம், ஒரே கூட்டமாம். காலில் மாட்டிக்கொண்டவர் கைக்கு ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். கம்பி அதே கம்பி. உப்பு அதே உப்பு.

நீங்களும் போகலாம். செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தெரியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடவுள் கொடுத்த மூளையையும் செருப்போடு கழற்றி வாசலில் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்துவிட்டீர்களானால், திரும்பும்போது செருப்பை மட்டும் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.